தாஹான் மலையடிவாரத்து இருப்புப் பாதை

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் தாஹான் மலை. பகாங், கிளந்தான் ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் 2,187 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்மலையையும், அதனைச் சூழ்ந்த 4,343 சதுர கிலோமீட்டர் காட்டையும் தேசியப் பூங்காவாக நாடு காத்து வருகிறது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கேமரன் மலையையே நாடுகின்றன. தாஹான் மலைப்பக்கம் செல்வோர் சிலரே. செல்வோரும் ஆற்றையும் மரங்களையும் கண்டு வியந்து திரும்புகின்றனரேயன்றி, அக்காட்டின் மேற்குப் புறமாக வளைந்து வளைந்து செல்லும் இருப்புப் பாதையை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காட்டின் வரலாறு அறிக்கைகளிலும் சட்டங்களிலும் எழுதப்பெற்றிருக்கிறது. பாதையின் வரலாறோ, அதை அமைத்த கைகளைப் பொறுத்தவரையில், பெரிதும் எழுதப்படாமலேயே போயிற்று. அந்தக் கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகள். இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அம்மலைநாட்டின் முழு உருவம் புலப்படும்.

கோலாலம்பூரின் தென்புறத்தே உள்ள சாலாக் செலாத்தான் நிலையம் மின்சாரக் கொம்யூட்டர் வண்டிகள் நின்று செல்லும் ஒரு சிறு நிலையம். அதன் முன்னே ஓடும் தண்டவாளம் தெற்கே காஜாங், சிரம்பான் வழியாகச் சென்று கெமாஸ் என்னும் சிற்றூரை அடைகிறது. கெமாஸில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஜொகூர் பாருவை நோக்கிச் செல்லும். மற்றொன்று வடக்கே திரும்பி, பாஹாவ், மெந்தகாப், ஜெராண்டுட், கோல லிப்பிஸ், மெராப்போ, குவா மூசாங் ஆகிய ஊர்களைத் தொட்டு, கிளந்தானின் கடலோரத்துத் தும்பாட் வரை 526 கிலோமீட்டர் செல்லும். அதையே மக்கள் காட்டு இரயில் பாதை என்பர். நெடுஞ்சாலை வழியே காராக், தெமர்லோ கடந்து மூன்று நான்கு மணி நேரத்தில் ஜெராண்டுட் போய்விடலாம் என்பது உண்மையே. கெமாஸில் வண்டி மாறிச் செல்லும் சுற்றுவழியில் நேரம் மிகுதியாகும். ஆயினும் வரலாற்றைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு அச்சுற்றுவழியே நேர்வழி.

கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையம் 1910ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றது. கும்மட்டங்களும் வளைவுகளுமாக அரண்மனை போல் விளங்கும் அக்கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் திறக்கப்பெற்ற ஜாமேக் பள்ளிவாசலும் அவர் வரைந்ததே. அவருக்குத் தியோடர் ஹப்பக் என்றொரு தம்பி இருந்தார். அண்ணன் நகரத்தைக் கட்டினார். தம்பியோ காட்டில் வேட்டையாடினார். யானையையும் செலாடாங் எனப்படும் காட்டெருதையும் வேட்டையாடியதைப் பற்றி 1905இல் நூலே எழுதி வெளியிட்டவர் தியோடர். அத்தகைய வேட்டைக்காரரே பின்னாளில் துப்பாக்கியைத் தள்ளிவைத்துவிட்டு, விலங்குகளைக் காக்க வேண்டுமென்று அரசாங்கத்தோடு ஓயாமல் வாதாடியவர். நாட்டின் தேசியப் பூங்கா உருவானதற்கு அவருடைய பிடிவாதம் ஒரு முதற்காரணம்.

தாஹான் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தாங்குதல், தடுத்து நிறுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. மலையேற முயன்ற வெள்ளையர் பலரை அம்மலை தடுத்து நிறுத்தவே செய்தது. 1899இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பயணத்தோடு வந்த ஸ்கீட் என்பவர் முயன்று சிகரத்தை அடையாமல் திரும்பினார். 1901இல் வாட்டர்ஸ்ட்ராட் என்பவரும் அவ்வாறே திரும்பினார். 1905இல் கோலாலம்பூர்ச் சிலாங்கூர் அரும்பொருளகத்தின் காப்பாளர் ராபின்சன் ஒரு குழுவை நடத்திச் சென்றார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் முதன்முதலாகச் சிகரத்தில் கால் பதித்தோர் அக்குழுவைச் சேர்ந்த நான்கு மலாய்க்காரர்கள். ஆனால் தாஹான் மலையேற்றம் என்றவுடன் ராபின்சன் பெயர் முன்னே வருகிறது. அந்நால்வரின் பெயர்களைக் கேட்டறிய எவரும் முற்படுவதில்லை. வரலாற்றுக்கு இப்படியொரு வழக்கம் உண்டு. இருப்புப் பாதையின் கதையில் அவ்வழக்கம் இன்னும் கடுமையாகவே தென்படும்.

1909இல் ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கிளந்தான், திரங்கானு, கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களின் மீது சயாம் கொண்டிருந்த உரிமைகள் ஆங்கிலேயரிடம் வந்தன. அதையொட்டி, தென்சயாமில் இரயில் பாதை அமைப்பதற்காக மலாய்க் கூட்டு மாநிலங்களின் கருவூலத்திலிருந்து சயாமுக்கு 40 இலட்சம் பவுன் கடனாக வழங்கப்பெற்றது. கிளந்தானை மற்ற மாநிலங்களோடு இணைக்கவும், வடக்கே சயாமின் பாதையோடு சேர்க்கவும் ஓர் இருப்புப் பாதை தேவை என்று ஆங்கிலேயர் கருதினர். கெமாஸிலிருந்து பாஹாவ் வரையிலான முதற்பகுதி 1910இல் திறக்கப்பெற்றது. வடமுனையில் தும்பாட்டிலிருந்தும் பணி தொடங்கியது. முதல் உலகப் போர் வந்து வேலையைத் தாமதப்படுத்தியது. 1920களின் தொடக்கத்தில் தெற்குப் பகுதி கோல லிப்பிஸைக் கடந்து வடக்கே நகர்ந்தது. கிளந்தான் ஆற்றின் குறுக்கே கில்லமார்ட் பாலம் 1925இல் திறக்கப்பெற்றது. முடிவில் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இரு முனைகளும் இணைந்து முழுப் பாதையும் திறக்கப்பெற்றது. ஆக, இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு அது.

உழைத்தவர் யார்? 1907இல் ஏற்படுத்தப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதியைக் கொண்டு தமிழகத்திலிருந்து தொழிலாளர்க்கு இலவசக் கப்பல் பயணம் அளிக்கப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பெற்று, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அவர்கள் இறக்கப்பட்டனர். அப்படி வந்தோர் அனைவரும் இரப்பர்த் தோட்டத்துக்கே சென்றனர் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. பொதுப்பணி இலாகாவும் இரயில்வே இலாகாவும் அத்தொழிலாளர்களைப் பெருமளவில் எடுத்துக்கொண்டன. மண் வெட்டுவதும், மேடுகளைக் குடைவதும், ஜல்லி கொட்டுவதும், சிலிப்பர்க் கட்டை சுமப்பதும், தண்டவாளம் பதித்தபின் அதை நாள்தோறும் நடந்து பார்த்துச் செப்பனிடுவதும் அவர்கள் வேலை. அலுவலக எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றியோரில் யாழ்ப்பாணத் தமிழர் மிகப் பலர். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களில் தமிழர் வாழ்வு வேரூன்றியதற்கு அங்கிருந்த இரயில்வே குடியிருப்புகளும் பட்டறைகளும் காரணம். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பூ விற்கும் கடையும் கோயில் மணியும், நெடுந்தொலைவிலுள்ள மெராப்போவின் தண்டவாளமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் விளைந்தவை என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

காட்டில் அவர்களை அச்சுறுத்தியது புலி மட்டுமன்று. புலியை விடக் கொடிய பகை கொசு. சமநிலத்துச் சதுப்பை வடித்தால் மலேரியா குறையும் என்பதை 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மருத்துவர் மால்கம் வாட்சன் செய்து காட்டினார். ஆனால் மலைப்பகுதியில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. அங்கு நோயைப் பரப்பிய கொசுவினம், வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடுவது. அடர்ந்த நிழலில் ஓடும் வரையில் ஓடையால் தீங்கில்லை. மரத்தை வெட்டி வெளிச்சம் பாய்ச்சியவுடன் அதே ஓடை நோயின் பிறப்பிடமாகிவிடும். மலைச்சாரலில் தோட்டம் போட்டாலும் பாதை போட்டாலும் இதுவே நடந்தது. வேலையைச் செய்வதே நோயை அழைப்பதாக இருந்தது என்றால், அவ்வேலைக்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

பாதை முடிந்த 1931ஆம் ஆண்டின் மற்றொரு முகமும் அறியத்தக்கது. அப்போது உலகப் பொருளாதார மந்தம் மலாயாவை உலுக்கிக்கொண்டிருந்தது. இரப்பர் விலை வீழ்ந்தது. வேலை இழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். காட்டை ஊடுருவிய முதல் இரயில் விழாக்கோலத்தோடு ஓடிய காலத்தில், பாதையமைத்த இனத்தார் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்றனர்.

இருப்புப் பாதை வடக்கே நகர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் காட்டைக் காக்கும் முயற்சியும் நடந்துவந்தது. 1925இல் பகாங்கில் தாஹான் மலையைச் சூழ்ந்த பகுதி விலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. தியோடர் ஹப்பக்குக்கு அது போதவில்லை. விலங்குகளின் நிலையை ஆராயும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பெற, நாடு முழுதும் சுற்றிச் சாட்சியம் திரட்டி, 1932இல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். யானைகள் பயிரை அழிக்கின்றன, அவற்றைச் சுட அனுமதி வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் எதிர்த்தனர். நியாயம் கூற வேண்டுமாயின், யானை புகுந்தால் முதலில் இடிவது முதலாளியின் பங்களா அன்று, தொழிலாளியின் குடிசையே. ஆனாலும் ஹப்பக்கின் கருத்து வென்றது. பகாங் சுல்தான் அபு பாக்கார், திரங்கானு சுல்தான் சுலைமான், கிளந்தான் சுல்தான் இஸ்மாயில் ஆகிய மூவரும் தத்தம் நிலத்தை விட்டுக்கொடுக்க இசைந்தனர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களிலும் சட்டம் இயற்றப்பெற்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. 1936இலேயே மறைந்துவிட்ட அரசர் ஒருவரின் பெயர் அக்காட்டுக்குச் சூட்டப்பட்டது. விடுதலைக்குப் பின்னரே அது தேசியப் பூங்கா என்னும் பொருளுடைய தாமான் நெகாரா என்று வழங்கலாயிற்று.

பூங்காச் சட்டம் இயற்றப்பெற்ற அதே 1938ஆம் ஆண்டின் ஜூன் திங்களில், மலாயாவுக்குத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. கூலிக் குறைப்பே அதற்கு உடனடிக் காரணம். யானைக்கும் காட்டெருதுக்கும் பாதுகாப்புத் தரும் ஏற்பாடுகளும், தமிழ்த் தொழிலாளியின் கூலியைப் பாதுகாக்க இயலாமல் அவனை அனுப்புவதையே நிறுத்திய ஏற்பாடும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. காலம் வேண்டுமென்றே இப்படி அடுக்கி வைக்கவில்லை. எனினும் ஆண்டுகளை வரிசைப்படுத்தும் ஆசிரியன் இவ்விடத்தில் சற்று நின்றே செல்வான்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. பின்வாங்கிய ஆங்கிலப் படை கில்லமார்ட் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. 1942ஆம் ஆண்டின் போர்க் குழப்பத்தில் தியோடர் ஹப்பக் மறைந்தார். அவர் காத்த காடு தப்பியது. காட்டோரப் பாதை தப்பவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்குப் படைகளையும் தளவாடங்களையும் கொண்டு செல்ல 415 கிலோமீட்டர் நீளத்தில் இரயில் பாதை போடத் துணிந்த ஜப்பானியர், அதற்கு வேண்டிய தண்டவாளங்களுக்காக மலாயாவின் கிழக்குப் பாதையின் மேல் கை வைத்தனர். மெந்தகாப்பிலிருந்து கிளந்தானின் கிராய் வரையிலான நீண்ட பகுதி பெயர்க்கப்பட்டது. ஜெராண்டுட், கோல லிப்பிஸ், மெராப்போ, குவா மூசாங் ஆகிய அத்தனை ஊர்களும் அப்பகுதிக்குள் அடங்கியவை. பாதை போன இடத்தில் வெறும் மண்மேடு மிஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு காடு அதை மூடிக்கொண்டு வந்தது.

தண்டவாளத்தோடு மனிதரும் போயினர். தோட்டங்களிலும் ஊர்களிலும் ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் பிடிக்கப்பெற்ற தமிழர்கள், சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு சயாமுக்கு அனுப்பப்பெற்றனர். அப்பாதையில் 1,80,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெருந்தொகையினர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க்கைதிகளாக மாண்ட வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. பகாங்கின் காட்டில் தமிழர் உழைப்பால் பதிக்கப்பெற்ற இரும்பு, சயாமின் காட்டில் தமிழர் உயிரைக் கொடுத்து மீண்டும் பதிக்கப்பெற்றது. ஒரே இரும்பு இரண்டு முறை விலை கேட்டது.

போர் முடிந்தபின் பெயர்க்கப்பட்ட பகுதியை மீண்டும் அமைக்கும் வேலை சிறிது சிறிதாக நடைபெற்றது. அவசரகாலக் கெடுபிடிகளுக்கிடையே அவ்வேலை நகர்ந்து, 1953இல் பாதை முழுமையாக மீண்டது. அந்த 1950களில்தான் பகாங்கின் தலைநகர் கோல லிப்பிஸிலிருந்து குவாந்தானுக்கு மாறியது. 1898 முதல் தலைநகராக விளங்கிய ஊர் மெல்ல ஓசை அடங்கியது. ஜெலாய் ஆறும் லிப்பிஸ் ஆறும் கூடும் அவ்வூரில், 1913இல் தொடங்கப்பெற்ற கிளிபோர்ட் பள்ளியும் குன்றின் மேலுள்ள பழைய அரசாங்கக் கட்டடங்களும் அந்நாளை நினைவூட்டி நிற்கின்றன. தேசியப் பூங்காவைச் சூழ்ந்த சிற்றூர்களுள் நிதானமாக நடந்து பார்க்கத் தக்க ஊர் இதுவே. ஜெராண்டுட் பெரும்பாலும் வண்டி மாறும் ஊர், கடைத்தெரு ஊர்.

ஜெராண்டுட்டை அடுத்துள்ள கோலத் தெம்பெலிங் துறையிலிருந்து படகேறினால் ஆற்றெதிரே ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பூங்காவின் வாயிலான கோலத் தாஹானை அடையலாம். சாலை வந்தபின் படகில் செல்வோர் குறைந்தனர். ஆனால் இந்த ஆற்றுவழி மிகப் பழையது. 1926இல் தெம்பெலிங் ஆற்றங்கரையில் பத்து பாசிர் காராம் என்னுமிடத்தில் வெண்கல முரசொன்றின் பகுதி கிடைத்தது. வியட்நாமின் தோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்த அம்முரசு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அக்காட்டாற்றில் வணிகம் நடந்ததைக் காட்டுகிறது. 1894இல் டத்தோ பகாமானின் கிளர்ச்சிப் படையினர் கோலத் தெம்பெலிங் காவல் நிலையத்தைத் தாக்கினர். அதில் மாண்ட காவலர்கள் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். அன்னியர் ஆட்சிக்கு எதிராக எழுந்தவனின் வாளுக்கும், வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்தவனே முதலில் இரையானான்.

இந்த ஆற்றையே தடுத்து அணை கட்டும் திட்டம் ஒன்று 1970களில் எழுந்தது. கட்டியிருந்தால் பூங்காவின் ஒரு பகுதியும் கரையோரக் கிராமங்களும் நீரில் மூழ்கியிருக்கும். இயற்கைக் கழகத்தினரும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் விடாது எதிர்த்தனர். 1983இல் திட்டம் கைவிடப்பெற்றது. ஹப்பக்கின் அறிக்கைக்குப் பின் காட்டைக் காத்த இரண்டாவது பெருமுயற்சி அதுவேயாகும். எனினும் சட்டத்தால் மட்டும் எல்லாவற்றையும் காக்க முடியவில்லை. ஹப்பக் பெரிதும் கவலைப்பட்ட சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் மலேசிய மண்ணிலிருந்தே அற்றுப்போயிற்று. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவே எஞ்சியுள்ளன என்று அண்மைக் கணக்கெடுப்பு கூறுகிறது.

கோலத் தாஹானிலிருந்து மலைச்சிகரத்துக்கு நடைவழி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு வாரம் வேண்டும். ஆறுகளைப் பலமுறை கடந்து, மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகிப் பாசி போர்த்து நிற்பதைக் காணலாம். உச்சியை நெருங்கும் மேட்டுநிலத்தில் தாஹான் மலைக்கே உரிய ஒருவகை விசிறிப் பனை வளர்கிறது. நம் ஊர்ப் பனையின் குடும்பத்தைச் சேர்ந்த அது வேறெங்கும் இயற்கையில் காணப்படாதது. அவ்வளவு தொலைவு நடக்க இயலாதோர் தெரெசெக் குன்றில் ஏறலாம். வானம் தெளிவாக இருக்கும் காலை வேளையில் அங்கிருந்தே தாஹான் மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரியும். காட்டினுள் பாத்தேக் இனத்துப் பூர்வக்குடியினர் வாழ்கின்றனர். பூங்கா என்று பெயரிடப்படுவதற்கு முன்பே அது அவர்கள் வீடு. அவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்த்துப் படம் பிடிக்கும் பயணிகளும் உண்டு. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்லும்போது இதை முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.

சிகரத்துக்கு மற்றொரு வழி மேற்குப் புறத்தில், மெராப்போவிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து ஏறினால் நடைத்தொலைவு பெரிதும் குறையும். மூன்று நான்கு நாட்களில் ஏறி இறங்கிவிடலாம். மெராப்போ ஒரு சிறு இரயில் நிலையம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ, ஒரே ஒரு பாதை ஊரை ஊடறுத்துச் செல்லும். அதை அடுத்து வடக்கே, கிளந்தான் ஆற்றுப் பகுதியில், 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு இரயில் பாலம் இடிந்து விழுந்தது. அதனால் தும்பாட் வரையிலான நேர்வண்டி சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. பாலத்தை மீண்டும் கட்டியபின் வண்டிகள் பழையபடி ஓடலாயின. வண்டி வந்து நிற்கும்போது முதுகுப் பைகளோடு சிலர் இறங்குகின்றனர். நிலையத்திலிருந்து பூங்காவின் சுங்கை ரெலாவ் வாயில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அங்கே பெயரைப் பதிந்துவிட்டு அவர்கள் மலையேறப் போகின்றனர். வண்டி ஊதிவிட்டுக் குவா மூசாங்கை நோக்கிப் புறப்படுகிறது; அதன் சக்கரத்தின் கீழ் இருப்பது போருக்குப் பின் இரண்டாம் முறையாகப் பதிக்கப்பெற்ற பாதை.